வீட்டுக்குள் நெருப்பு நகர்ந்த கதை

ஒரு லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் ஊற்றி, சுவிட்சைத் தட்டிவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். 1,500 வாட் கெட்டில் என்றால் ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். முதல் நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். அப்புறம் அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். லேசாக ஓர் இரைச்சல் கிளம்பும். அது ஏறிக்கொண்டே போய், கொதி வருவதற்குச் சற்று முன்னால் கொஞ்சம் அடங்கும். பிறகு தளதளவென்று கொதித்து, சுவிட்ச் டக்கென்று தானே அணையும்.

அந்த நான்கு நிமிடத்தில் எவ்வளவு ஆற்றல் செலவானது? 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 335 கிலோஜூல் வேண்டும். இப்படி எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. வேறு மாதிரி சொல்கிறேன். அதே ஆற்றல் கையில் இருந்தால், 50 கிலோ எடையுள்ள ஒருவரை 680 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். 9 வாட் எல்இடி பல்பைப் பத்து மணி நேரத்துக்கு மேல் எரிய விடலாம். சைக்கிள் மிதித்து அந்த ஆற்றலை உண்டாக்க வேண்டும் என்றால், 100 வாட் வீதம் விடாமல் 56 நிமிடம் மிதிக்க வேண்டும். பழக்கமில்லாதவருக்கு வியர்த்துக் கொட்டிவிடும். அவ்வளவும் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க மட்டும்தான்.

ஆற்றலைச் சேமிப்பது பற்றிப் பேச்சு வந்தால் நமக்கு முதலில் நினைவு வருவது விளக்குதான். காரணம், விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிகிறது. சூடு தெரிவதில்லை. ஆனால் உலகம் முழுவதும் வீடுகளும் ஆலைகளும் வாகனங்களும் கடைசியில் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, ஏதோ ஒன்றைச் சூடாக்கவே போகிறது. வீட்டைச் சூடாக்க, தண்ணீரைக் காய்ச்ச, சமைக்க, இரும்பை உருக்க, செங்கல் சுட. மனிதன் எப்படி வாழ்ந்தான், யாரோடு உட்கார்ந்தான், எங்கே தூங்கினான், வீட்டில் யாருக்கு எந்த வேலை விழுந்தது என்பதையெல்லாம் புரிந்துகொள்ள, நெருப்பு வீட்டில் எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்தாலே போதும் என்பது என் எண்ணம். நெருப்பு நகர நகர வாழ்க்கையும் நகர்ந்திருக்கிறது. வசதி கூடியிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் புகையும் வேலையும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. பெரும்பாலும் வேறு யாரோ ஒருவர் தலையில் போய் இறங்கியிருக்கின்றன.

மொழியிலேயே இதன் தடம் இருக்கிறது. அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பும் அடுக்களையும் அதிலிருந்து வந்தவை. உலை என்பது சமையலுக்குக் கொதிக்கிற தண்ணீர், கொல்லனின் நெருப்பு, இன்றைக்கு அணு உலை என எல்லாவற்றுக்கும் ஒரே சொல். லத்தீனில் அடுப்பங்கரைக்கு ஃபோகஸ் என்று பெயர். 1604-ல் வானியலாளர் கெப்ளர் ஒளியியல் பற்றி எழுதும்போது, கதிர்கள் வந்து கூடும் புள்ளிக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் குவியம் என்று படித்தோமே, அது முதலில் ஒரு குடும்பம் சுற்றி உட்கார்ந்த அடுப்பு.

தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய நெருப்பின் சாம்பல் தடம் கிடைத்திருக்கிறது. அவ்வளவு நீண்ட காலத்தில் பெரும்பகுதி, நெருப்பு நடுவில் இருந்தது, ஆட்கள் சுற்றி இருந்தார்கள். குளிர் மிகுந்த ஐரோப்பாவின் இடைக்கால வீடுகளிலும் இதே கதைதான். ஒரே பெரிய கூடம். நடுவில் தரையிலேயே நெருப்பு. புகை மேலே எழும்பி, கூரையின் இடுக்குகள் வழியாக மெல்ல வெளியேறும். கூடத்தில் நின்றால் தலைமட்டத்தில் புகை கண்ணைக் கரிக்கும். தரையோடு உட்கார்ந்தால் மூச்சு விடலாம். அதனால் வாழ்க்கை தாழ்வாகவே நடந்தது. எசமானரும் வேலையாளும் குழந்தையும் விருந்தாளியும் ஒரே கூடத்தில் உண்டு, பலரும் அங்கேயே உறங்கினார்கள். தீக்காய்கிறவர்கள் அதிகம் விலகவும் முடியாது, அதிகம் நெருங்கவும் முடியாது. அந்த வட்டத்தின் அளவுதான் குடும்பத்தின் அளவு. மேல்மாடி என்று ஒன்றைக் கட்டவும் வழியில்லை, புகை அங்கேதானே போய் நிற்கும்.

இதை மாற்றியது புகைபோக்கி. நான் இங்கே கொஞ்சம் நிதானிக்க விரும்புகிறேன். நீராவி இயந்திரத்துக்கும் மின்விளக்குக்கும் கிடைக்கிற புகழில் கால்பங்குகூட இந்தச் செங்கல் குழாய்க்குக் கிடைக்கவில்லை. ஆனால் வீடு என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதை உண்டாக்கியதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கோட்டைகளிலும் மடாலயங்களிலும் புகைபோக்கி 12-ஆம் நூற்றாண்டிலேயே தலைகாட்டிவிட்டது. சாதாரண வீடுகளுக்கு வந்து சேர இன்னும் நானூறு ஆண்டுகள் பிடித்தன. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராட்வின்டர் என்ற கிராமத்தில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், தன் ஊர்க் கிழவர்கள் சொன்னதை 1577-ல் எழுதிவைத்தார். தங்கள் வாழ்நாளில் கண்ணெதிரே மாறிய விஷயங்களாக அவர்கள் முதலில் சொன்னது, ஊரெங்கும் புதிதாக முளைத்த புகைபோக்கிகளைத்தான். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ஓர் ஊரில் இரண்டு மூன்று இருந்தாலே அதிகமாம். கிழவர்களுக்கு இதில் வருத்தமும் இருந்தது. புகை வீட்டின் மரங்களை இறுக்கிக் கெட்டியாக்கும், குடும்பத்துக்குச் சளித்தொல்லை வராமல் காக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அப்படி நம்பியவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். பிறந்ததிலிருந்து புகையோடு வாழ்ந்தவர்களுக்கு அது ஒரு போர்வை மாதிரி.

புகைக்கு வழி கிடைத்ததும் என்ன ஆயிற்று? நெருப்பு நடுவிலிருந்து சுவரோரம் போனது. கூரைக்குக் கீழே தளம் போட்டு மாடி கட்டலாம் என்றானது. ஒரே புகைபோக்கியில் முன்னும் பின்னும் கீழும் மேலுமாகப் பல நெருப்பிடங்களை இணைக்கலாம் என்பதால், கூடம் அறைகளாகப் பிரிந்தது. எசமானர் குடும்பம் தனி அறைக்குப் போனது. வேலையாட்கள் கீழேயே நின்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருப்பது, தனியாகப் படிப்பது, கணவனும் மனைவியும் மட்டும் பேசிக்கொள்வது, இவையெல்லாம் குளிர்நாட்டில் சாத்தியமாக வேண்டுமென்றால் அந்த அறைக்கென்று தனி நெருப்பு வேண்டும். தனிமை என்பது அங்கே விறகு செலவாகிற சமாச்சாரம்.

அரசும் இதைக் கவனித்தது. 1662-ல் இங்கிலாந்தில் அடுப்பு வரி வந்தது. ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். எத்தனை நெருப்பிடம் என்று எண்ணினால் வீட்டின் வசதி தெரிந்துவிடும் என்பது கணக்கு. எண்ணுவதற்கு ஆள் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவார் என்பதால் மக்கள் அதை மனதார வெறுத்தார்கள். சிலர் நெருப்பிடத்தைச் செங்கல் வைத்து அடைத்தே விட்டார்கள். 1689-ல் அந்த வரி ஒழிந்தது.

ஆனால் சுவரோர நெருப்பில் ஒரு பெரிய குறை உண்டு. நெருப்பு எரிய எரிய, அறையில் இருக்கும் காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியாக மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தை நிரப்ப, கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். திறந்த நெருப்பிடத்தில் எரிகிற விறகின் சூட்டில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு வானத்துக்குத்தான் போகிறது. முகம் வெந்துபோகும், முதுகு விறைத்துப்போகும். உயரமான முதுகும் பக்கவாட்டில் காது போன்ற மறைப்பும் கொண்ட நாற்காலிகளை அந்தக் கால வீடுகளில் பார்க்கலாம். பின்னாலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்க அவை உதவின.

1740-களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இரும்புத் தகடுகளால் ஓர் அடுப்பு வடிவமைத்தார். காப்புரிமை தருகிறோம் என்று சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர்களின் கண்டுபிடிப்புகளால் நாம் பயன் பெறுகிறோம், நம்முடையதையும் அப்படியே பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1796-ல் ரம்ஃபோர்ட் பிரபு இன்னும் எளிய வழி சொன்னார்: நெருப்பிடத்தின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டு, புகை போகிற தொண்டையைச் சுருக்கு. ஒரு கொத்தனாரும் கொஞ்சம் செங்கலும் போதும். சூடு அறைக்குள் திரும்பியது.

இதற்கிடையே விறகு தட்டுப்பாடாகி, லண்டன் நிலக்கரிக்கு மாறியிருந்தது. நிலக்கரிப் புகை விறகுப் புகை போல் இல்லை. திறந்த கூடத்தில் அதை எரித்துவிட்டு யாரும் உட்கார முடியாது. அதாவது நிலக்கரி வர வேண்டுமென்றால் முதலில் புகைபோக்கி வர வேண்டியிருந்தது. 1306-லேயே முதலாம் எட்வர்ட் மன்னர் லண்டனில் நிலக்கரி எரிப்பதைத் தடுக்கப் பார்த்தார், நடக்கவில்லை. நிலக்கரிக்கேற்பக் குழாய்கள் குறுகலாகவும் வளைந்தும் கட்டப்பட்டன. உள்ளே படியும் கரியைச் சுரண்ட வேண்டும். பெரியவர் நுழைய முடியாது. ஆறு ஏழு வயதுப் பையன்களை உள்ளே ஏற்றினார்கள். முழங்கையும் முழங்காலும் தேய்ந்து புண்ணாகி, அந்தப் புண் காய்த்துப் போகும்வரை ஏறினார்கள். சிலர் உள்ளேயே சிக்கி மூச்சுமுட்டிச் செத்தார்கள். 1775-ல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைத்தவர்களுக்கு விரைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். ஒரு தொழில் ஒரு புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று மருத்துவம் சுட்டிக்காட்டிய முதல் சந்தர்ப்பம் அது. அதன் பிறகும் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1875-ல்தான் சிறுவர்களை ஏற்றுவதை நிறுத்தும் அளவுக்கு உறுதியான சட்டம் வந்தது. கதகதப்பான படுக்கையறையில் இருந்தவர் எவரும் கெட்டவர் அல்ல. குழாய்க்குள் நடப்பது அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். படாதபடிதான் வீடே கட்டப்பட்டிருந்தது.

சிறுவர்கள் இறங்கினாலும் புகை நிற்கவில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று அசையாமல் நின்றபோது, லட்சக்கணக்கான வீட்டு நெருப்பிடங்களின் புகையும் மின்நிலையங்களின் புகையும் லண்டன் மேல் மூடியாகப் படிந்தன. பட்டப்பகலில் நடந்து போகிறவருக்குத் தன் பாதம் தெரியவில்லை. முதலில் 4,000 பேர் இறந்ததாகக் கணக்குச் சொன்னார்கள்; பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோகின்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்து, புகையில்லா எரிபொருள் மட்டுமே அனுமதிக்கப்பட்ட பகுதிகள் உருவாயின.

எல்லா ஊரிலும் நெருப்பு சுவரோரம் போகவில்லை. கொரியாவில் அது தரைக்கடியில் போனது. ஒண்டோல் என்பார்கள். அடுக்களையில் எரிகிற நெருப்பின் புகை, பக்கத்து அறையின் தரைக்கற்களுக்குக் கீழே வாய்க்கால் போல் ஓடி, மறுமுனையில் புகைபோக்கி வழியாக வெளியேறும். சமைத்த நெருப்பே தரையையும் சூடாக்கிவிடும். தரை சூடாக இருந்தால் நாற்காலி எதற்கு, கட்டில் எதற்கு? உட்காருவதும் உண்பதும் உறங்குவதும் தரையில் நடந்தன. காலணி வாசலிலேயே நின்றது. அடுப்புக்கு மிக அருகில் இருக்கும் மூலைக்கு அரென்மோக் என்று பெயர். அது வீட்டின் மூத்தவருக்கும் விருந்தாளிக்கும் உரியது. இன்று கொரியாவின் அடுக்குமாடிகளில் தரைக்குக் கீழே புகை ஓடுவதில்லை, வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. வாழ்க்கை இன்னும் தரையோடுதான் இருக்கிறது. நடுவில் ஒரு காலம், கரிக்கட்டி எரித்த பத்தாண்டுகளில், தரை விரிசல் வழியாகக் கார்பன் மோனாக்சைடு கசிந்து, தூக்கத்திலேயே குடும்பம் குடும்பமாக மக்கள் இறந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் வேறு யோசனை. அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்கினார்கள். தாழ்வான மேசை, மேலே கனத்த மெத்தைப் போர்வை, அடியில் கரி நெருப்பு. இதுதான் கோதாட்சு. குடும்பம் முழுக்கக் காலை உள்ளே நீட்டி உட்கார்ந்துகொள்ளும். இப்போது கரிக்குப் பதில் சில நூறு வாட் மின்சூடேற்றி. மூச்சு விட்டால் ஆவி தெரிகிற அறையில்கூட இடுப்புக்குக் கீழே இதமாக இருக்கும். ஆற்றலைப் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிற வேறுபாடு இது. நமக்கு வேண்டியது சூடான காற்றா, சூடான உடம்பா? முதலாவதற்கு ஓர் அறை நிறைய எரிபொருள் வேண்டும். இரண்டாவதற்குக் கையளவு போதும்.

அடுக்களைக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளில் வார்ப்பிரும்பு அடுப்பு வந்தது. திறந்த நெருப்பைவிட விறகு பாதியாகக் குறைந்தது. நல்ல விஷயம்தானே? வரலாற்றாசிரியர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் இதில் ஒரு கேள்வி கேட்டார்: யாருடைய வேலை குறைந்தது? விறகு வெட்டிப் பிளப்பது ஆண்களின் வேலை. அது குறைந்தது. முன்பு ஒரே பானையில் ஒரே சமையல். புது அடுப்பில் ஒரே நேரத்தில் கொதிக்கவும் வதக்கவும் சுடவும் முடியும் என்றதும், சாப்பாட்டில் இரண்டு மூன்று வகை எதிர்பார்க்கப்பட்டது. அடுப்பில் துரு ஏறாமலிருக்கக் கறுப்பு மெழுகு போட்டுத் தேய்க்க வேண்டும், சாம்பலை அள்ள வேண்டும். இதெல்லாம் பெண்களின் பங்கு. வெந்நீர்க் குழாயும் துணி துவைக்கும் இயந்திரமும் வந்தபோதும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. துவைப்பது எளிதானது, ஆனால் தினமும் துவைத்த உடை என்பது வழக்கமாகிவிட்டது. கருவி வேலையைக் குறைக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் கருவி வந்த பிறகு எது போதுமானது என்று கருதப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த அடுக்களைக் கதை முடிந்துவிடவில்லை. உலகில் இன்றும் 200 கோடிக்கு மேற்பட்டோர் விறகு, கரி, வறட்டி, மண்ணெண்ணெய் போன்றவற்றில்தான் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் சேரும் அந்தப் புகையால் 2020-ல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிடுகிறது. அதில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் இரண்டு லட்சத்துக்கு மேல். ஹாரிசன் காலத்துக் கூடத்தின் புகை இன்னும் கலையவில்லை. எரிவாயு அடுப்பைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பல நாடுகளில் திட்டம் போட்டார்கள். பெரிய பலனும் கிடைத்தது. ஆனாலும் பல வீடுகளில் எரிவாயு அடுப்பும் விறகடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சிலிண்டருக்குக் காசு வேண்டும் என்பது முதல் காரணம். இன்னொன்று, விறகடுப்பு சமைப்பதற்கு மட்டும் இல்லை. அது வீட்டைக் கதகதப்பாக்கும், இருட்டில் வெளிச்சம் தரும், ஈர விறகையும் ஈரத் துணியையும் உலர்த்தும், பூச்சியை விரட்டும். ஐந்து வேலை செய்கிற ஒன்றை எடுத்துவிட்டு, ஒரு வேலை செய்கிற ஒன்றை வைக்கிறோம். மீதி நான்குக்கு வழி சொல்லாவிட்டால் பழைய அடுப்பு மூலையில் இருக்கத்தான் செய்யும். அந்தப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குக் கோபம் வரவைக்கிற பேச்சு.

நெருப்பின் அடுத்த நகர்வு, வீட்டின் அடித்தளத்துக்கு, அதாவது தரைக்குக் கீழே இருக்கும் அறைக்கு. கொதிகலன் கீழே எரியும். நீராவியோ வெந்நீரோ குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் ஏறும். அறையில் இரும்பு ரேடியேட்டர் மட்டும் நிற்கும். புகை இல்லை, சாம்பல் இல்லை, தீப்பொறி இல்லை. ஆனால் கீழே ஒருவர் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் ஊழியர் ஒருவர் ஒவ்வொரு வகுப்பறைக்குள்ளும் வந்து, சூடு போதுமா என்று பார்த்துவிட்டு, அடித்தளத்துக்கு இறங்கிப் போய்க் காற்றுத் திறப்பைக் கூட்டிக் குறைப்பார். பாடம் நடுவில் நிற்கும். அங்கே கற்பித்த வாரன் ஜான்சன் ஒரு வழி கண்டுபிடித்து 1883-ல் காப்புரிமை பெற்றார். அறையில் வெப்பம் மாறினால், மின்சாரம் மூலம் அடித்தளத்தில் மணி அடிக்கும். அதாவது அறையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அவருடைய மின் தெர்மோஸ்டாட், முதலில் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளைக் கூப்பிடுகிற மணிதான். சில ஆண்டுகளில் கருவியே திறப்பைத் திருகிவிடும் என்றாகி, ஆள் தேவையில்லாமல் போனது. எரிவாயு வந்ததும் கரி அள்ளுவதும் போனது. நெருப்பு ஓர் எண்ணாகச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

எண்ணாகிவிட்டதும் அடுத்த கேள்வி, எந்த எண்? அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. குளிர்ந்தால் நெருங்கினார்கள், சுட்டால் தள்ளினார்கள். ஒரே கட்டடத்தில் ஆயிரம் பேருக்கு ஒரே வெப்பநிலை என்றால் யாராவது முடிவு செய்ய வேண்டும். டென்மார்க்கின் போல் ஓலே ஃபாங்கர் 1970 வாக்கில் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். காற்றின் வெப்பம், சுவர்களிலிருந்து வரும் கதிர்ச்சூடு, காற்றோட்டம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் துணி, செய்யும் வேலை என ஆறு காரணிகள். அருமையான வேலை அது. ஆனால் உடம்பு எவ்வளவு சூடு உண்டாக்குகிறது என்பதற்குப் பயன்பட்ட மதிப்பு, 40 வயதும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆணுடையது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், அது பெண்களின் உடற்சூட்டை 35 சதவீதம் வரை கூடுதலாகக் கணக்கிடக்கூடும் என்று காட்டினார்கள். குளிரூட்டிய அலுவலகத்தில் தோளில் சால்வையோடு வேலை பார்க்கும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக அவர்கள் சொல்லிவந்தது சரிதான்.

நெருப்பு கண்ணில் படாமல் போனதும் நாம் கேட்கிற அளவும் கூடியது. பிரிட்டனில் 1970-ல், ஒரே கொதிகலனிலிருந்து வீடு முழுக்கச் சூடு தரும் மைய வெப்பமூட்டல் மூன்றில் ஒரு வீட்டில்தான் இருந்தது; குளிர்காலத்தில் வீடுகளின் உட்புறச் சராசரி வெப்பநிலை 12 டிகிரி என்று கணக்கிடுகிறார்கள். இப்போது பத்தில் ஒன்பது வீடுகளுக்கு மேல் அது இருக்கிறது, சராசரி 17 டிகிரியைத் தாண்டிவிட்டது. நிலக்கரியைப் பற்றி எழுதிய வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே இந்தப் போக்கைப் பிடித்துவிட்டார். இயந்திரம் சிக்கனமாகும்போது நிலக்கரி மிச்சமாகவில்லை. மலிவாகிவிட்டதால் இன்னும் பல இடங்களில் இயந்திரம் வந்து, மொத்தச் செலவு கூடியது. வீட்டிலும் அப்படித்தான். முன்பு ஓர் அறையில் நெருப்பு, மாலையில் எல்லோரும் அங்கே. பிறகு எல்லா அறையும் ஒரே இதம் என்றானதும், ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டோம். பிள்ளைகள் அறையில் தனியாக இருப்பதற்குப் போனைக் குறை சொல்கிறோம். போன் வருவதற்கு முன்பே அந்த அறையைச் சூடாக்கிவைத்தது கொதிகலன்.

எவருக்கு எவ்வளவு சூடு என்பதை ஓர் அரசு கோடு போட்டே பிரித்ததும் உண்டு. சீனாவில் 1950-களில், ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்குக் குளிர்காலத்தில் நிலக்கரிக் கொதிகலன் மூலம் சூடு தருவது என்றும், தெற்கே இல்லை என்றும் முடிவெடுத்தார்கள். தெற்கே இருந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே கனத்த கோட்டுப் போட்டு வாழப் பழகினார்கள். வடக்கே இதமாக இருந்தது. ஆனால் 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்த நிலக்கரிப் புகையால் ஆற்றுக்கு வடக்கே சராசரி ஆயுள் 3.1 ஆண்டு குறைந்திருப்பதாகக் கண்டது. இதத்தைக் கொடுத்த கொதிகலனே ஆயுளையும் எடுத்தது.

சரி, எரிக்காமலே சூடு கிடைக்குமா? ஐஸ்லாந்துக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது, பூமிக்கடியில் வெந்நீர். 1930-ல் ரெய்க்யவிக்கில் ஒரு பள்ளிக்கும் நீச்சல்குளத்துக்கும் சில வீடுகளுக்கும் குழாய் போட்டுத் தொடங்கினார்கள். இன்று நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகள் அப்படிச் சூடாகின்றன. மற்றவர்களுக்கு இருக்கும் வழி வெப்ப ஏற்றி. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருந்த சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது அது. அதையே திருப்பி வைத்தால், வெளிக்காற்றின் சூட்டை எடுத்து வீட்டுக்குள் கொட்டும். வெளியே மைனஸ் 10 டிகிரி என்றாலும் அந்தக் காற்றில் எடுக்கச் சூடு இருக்கிறது. நமக்குத்தான் அது குளிர். சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று நான்கு பங்கு சூடு கிடைக்கும். வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, இந்த யோசனையை 1852-லேயே எழுதிவிட்டார். 1938-ல் ஜூரிச் நகர மன்றக் கட்டடத்தில் ஆற்றுநீரிலிருந்து சூடெடுக்கும் கருவி ஓடத் தொடங்கியது. இன்று நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் வெப்ப ஏற்றி இருக்கிறது.

கூடவே வீட்டையும் சரிசெய்ய வேண்டும். 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் குழுவினர், தடித்த காப்புச் சுவரும் காற்றுப் புகாத சன்னலுமாக நான்கு வீடுகள் அடுத்தடுத்து நிற்கும் வரிசை ஒன்றைக் கட்டினார்கள். சாதாரண வீட்டுக்கு வேண்டிய சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அங்கே போதும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் சூடு விடுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் பத்துப் பேர் விருந்துக்கு வந்தால், ஒரு கிலோவாட் சூடேற்றியை வைத்தது போல் அறை சூடாகிவிடும்.

வெப்ப ஏற்றி புதிதாகப் பொருத்திய வீடுகளில் முதல் குளிர்காலத்தில் ஒரு புகார் அடிக்கடி வருகிறது. பழைய கொதிகலன் 70, 80 டிகிரித் தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பியது. தொட்டால் கை சுடும். வெப்ப ஏற்றி 35 முதல் 45 டிகிரித் தண்ணீரை நாள் முழுக்க மெதுவாக ஓட்டும். வீட்டுக்காரர் வெளியிலிருந்து வந்ததும், பழக்கத்தில் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைக்கிறார். உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். வேலை செய்யவில்லை என்று பொருத்தியவருக்குப் போன் போடுகிறார். சுவரில் இருக்கும் எண்ணைப் பாருங்கள் என்கிறார் அவர். 20 என்று காட்டுகிறது. வீட்டுக்காரருக்குக் குளிரவும் இல்லை. ஆனாலும் இன்னொரு முறை கையை வைத்துப் பார்க்கிறார்.